மேல்கை பதினொன்றரை

மார்ச் 6

அன்பு அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் முக்கால்வாசி உண்மை. உன் காதும் மாமாவின் முதுகும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று எழுது. போனில் சொல்லிவிடலாமே என்றாள் அவள். நூறு தையல் மெஷினுக்கு நடுவே பதினெட்டு வருஷம் உட்கார்ந்து காதைத் தொலைத்தவள் நீ. போனில் பேசினால் கொசு பாடுவதாகத்தான் நினைப்பாய். மாமாவிடம் சொன்னாலோ பாதியை விழுங்கிவிட்டு மீதியை மாற்றிச் சொல்வார். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே. எங்கள் தராசு முத்திரை ஆபீசில் வருஷா வருஷம் செய்யும் பரிசோதனையில் வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் ஒரு கட்டி இருக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர். சாயம் ஏற்றி இன்னொரு பெரிய ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். கேன்சர்தான். மஞ்சள்காமாலைக் கிருமி ஒன்று நான் பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் குடியிருந்து, கல்லீரலைத் தழும்பும் முடிச்சுமாக இறுக்கி வைத்திருக்கிறதாம். சிரோசிஸ் என்கிறார்கள். ஒரு சொட்டு குடிக்காத எனக்கு! அம்மா அப்பா வழியாக வந்திருக்கலாம் என்பதால் நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு.

சர்ஜன் ஒரு அம்மா. தலை முழுக்க நரை, நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறார். கட்டியைப் பற்றி அவர் அதிகம் பேசவே இல்லை. "கட்டி சின்னதுதான், எடுத்துடலாம். எடுத்ததுக்கு அப்புறம் மிச்சக் கல்லீரல் உங்களத் தாங்குமா, அதத்தான் நான் பாக்கணும்" என்றார். அதற்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ரத்தத்தில் மஞ்சள், ரத்தத்தில் புரதம், ரத்தம் உறையும் வேகம், வயிற்றில் நீர், புத்தித் தெளிவு. ஐந்து பாடம். மார்க் குறைந்தால்தான் பாஸ். ஐந்தும் ஆறும் முதல் வகுப்பு. ஏழிலிருந்து இரண்டாம் வகுப்பு. எனக்கு ஐந்து, அதற்குக் கீழே மார்க்கே கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாங்காததை இங்கே வாங்கினேன். "டாக்டர், புத்தித் தெளிவுல மட்டும் கொஞ்சம் தாராளமா போட்டுட்டீங்க" என்றாள் அவள்.

அக்கா, அப்பாவுக்கு என்ன சொன்னார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். இதே கல்லீரல். கத்தி வைக்க முடியாது என்று சொன்ன ஏழாவது வாரம் போய்விட்டார். எனக்குக் கத்தி வைக்கலாம் என்கிறார்கள். அதனால் நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

மாமாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் தம்பி

மார்ச் 19

டேய் தம்பி,

உன் கடிதம் கடைக்கு வந்தது. வெட்டுகிற மேஜைமேல் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் அழுதேன். இப்போது தேவலை. உன் மாமாவுக்கு முதுகும் சரி, நாக்கும் சரி, நன்றாக வேலை செய்கின்றன. என் காது அப்படியேதான் இருக்கிறது; நல்ல செய்தி தவிர எதுவும் அதில் நுழைவதில்லை.

ரத்தம் கொடுத்துப் பார்த்தாயிற்று. எனக்கு அந்தக் கிருமி இல்லை. வீட்டில் எது வந்தாலும் நீதான் முழுசாக எடுத்துக்கொள்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சர்ஜன் அம்மா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. துணி நைந்திருந்தால் நானும் கிழிசலைப் பார்க்க மாட்டேன், சுற்றியுள்ள நூல் ஊசியைத் தாங்குமா என்றுதான் பார்ப்பேன். அவரிடம் எதையும் ஒளிக்காமல் சொல். கடைக்காரர்கள் உன்னிடம் தராசை மறைக்கிற மாதிரி நீ அங்கே போய் எதையாவது மறைத்து வைக்காதே.

ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. மெத்தென்ற பருத்தியில் நாலு சட்டை தைக்கிறேன், முழுக்க முன்னால் திறக்கிற மாதிரி, தையல் தழும்பில் படாத மாதிரி. அளவு அனுப்பு. அவளை எடுக்கச் சொல், நீ எடுக்காதே. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வயிறே இல்லாதவன் மாதிரி நிற்பாய். உனக்கென்று என் அளவு நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம். முப்பத்திரண்டு அங்குலத்தில் ஆரம்பித்த உன் தொப்பை நாற்பத்தொன்றுக்கு வந்த சரித்திரம் முழுக்க அதில் இருக்கிறது.

சாப்பிடு, தூங்கு, எழுது.

அக்கா

ஏப்ரல் 8

அன்பு அக்காவுக்கு,

உனக்குக் கிருமி இல்லை என்று படித்ததும் அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கொஞ்சம் பொறாமைப்பட்டேன், அப்புறம் நானும் கும்பிட்டேன். இங்கே எல்லோரும் சுகம்.

ஆபரேஷன் மே 22. எழுதி வைத்துக்கொள். பையைக்கூட இப்போதே கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அவள் தினமும் அதில் தடுக்கிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பஸ் கண்டக்டர் சிநேகமாகிவிட்டார். அவருக்குக் கட்டி கோழிமுட்டை அளவு. என்னுடையதைப் போல இரண்டு பங்கு. ஆனால் மிச்சக் கல்லீரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறதாம். கால்வாசிக் கல்லீரலை வெட்டி எடுத்தார்கள், ஏழாம் நாள் நடந்தே வெளியே போனார். போகும்போது என்னிடம், "சார், உங்களுது சின்னதுதானே, நீங்க நாலாம் நாளே ஓடிருவீங்க" என்று கை காட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு ஒரே உற்சாகம்.

போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். புரதம் கொஞ்சம் குறைந்து மார்க் ஆறு ஆகியிருக்கிறது. ஆறும் முதல் வகுப்புதான், கவலைப்படாதே. ஒரு சின்ன டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "எப்பவுமே இப்படித்தானா?" என்றார். "பரம்பரைச் சொத்து சார்" என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சட்டைக்கு அளவு எதற்கு? போன வருஷத்து அளவிலேயே தைத்துவிடு. நான் என்ன வளர்கிற பிள்ளையா? வேறொன்றுமில்லை. புதுச் செருப்பு வாங்கினேன், பழையது சாயங்காலமானால் கடிக்கிறது.

இந்தக் கடிதம் உங்கள் இருவரையும் நல்லபடியாகப் பார்க்கட்டும்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

மாமா இன்று குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு உன் கடிதத்தைப் படித்து எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. நல்லவேளை, நான் முன்னாலேயே படித்துவிட்டேன். நாங்கள் இருவரும் நலம்.

போன வருஷத்து அளவாம்! முப்பது வருஷமாகத் தையல்காரியாக இருக்கிறேன், பழைய அளவில் தைத்துக் கொடுத்தேன் என்று ஒருவரும் என்னைச் சொன்னதில்லை. கழுத்து, தோள், மார்பு, வயிறு, மேல்கை, கை நீளம். எல்லாம் வேண்டும். அவளை எடுக்கச் சொல் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். பத்து நாளில் வராவிட்டால் நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவேன். இரண்டு நாள் ரயிலில் மாமாவும் கூட வருவார், யோசித்துக்கொள்.

செருப்பு ஏன் கடிக்கிறது?

அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

மாமாவோடு ரயிலில் வருவேன் என்று மிரட்டினால் எவன்தான் பணியமாட்டான்? இந்தா, பிடி. அவள் லைப்ரரிக்குப் போயிருந்தாள், அதனால் ஆபீஸ் டேப்பை வைத்து நானே எடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிக்கவில்லை, சத்தியம்.

கழுத்து 15. தோள் 18. மார்பு 41. வயிறு 45½. மேல்கை 11½. கை நீளம் 24.

தொப்பை கொஞ்சம் போட்டிருக்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டால் வேறென்ன ஆகும்? ஆபரேஷன் முடிந்து நடக்க ஆரம்பித்தால் இறங்கிவிடும். உடம்பு நன்றாகவே இருக்கிறது. நேற்றுகூட ஐந்து கடைக்குப் போய்த் தராசு பார்த்து முத்திரை போட்டேன். எடைக்கல் பெட்டியை மட்டும் டிரைவர் தூக்கிக்கொண்டு வந்தார், அவருக்குக் கொஞ்சம் உடற்பயிற்சி வேண்டாமா?

இன்னும் இருபத்துநாலு நாள். நாட்காட்டியில் அடித்துக்கொண்டே வருகிறேன். அந்த இரண்டரை சென்டிமீட்டரை வெட்டிக் குப்பையில் போட்டார்கள் என்று கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். உன்னிடம் சொல்வதற்கு என்ன, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஏழு வாரம் இன்னும் என் வயிற்றில் அப்படியே இருக்கிறது.

சட்டையைச் சீக்கிரம் அனுப்பு. நீல நிறம் ஒன்றாவது இருக்கட்டும்.

தம்பி

மே 7

அன்புத் தம்பிக்கு,

அளவு கிடைத்தது. நாங்கள் நலம். நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இப்போது வேறெதுவும் எழுத வரவில்லை.

சட்டை கொஞ்சம் தாமதமாகும். பள்ளிச் சீருடை வேலை குவிந்து கிடக்கிறது. நீலத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், நல்ல துணி, தண்ணீரில் போட்டால் சுருங்காது.

சாப்பாட்டில் உப்பைக் குறை. காரணம் கேட்காதே, அக்கா சொல்கிறேன், குறை.

மாமா விசாரித்தார்.

அக்கா

மே 16

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். சர்ஜன் அம்மா ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போய்த் தானே கூட நின்று வயிற்றைப் பார்த்தார். திரையில் கறுப்பாக ஏதோ தளும்பியது. "நீர். ரெண்டு மூணு லிட்டர் இருக்கும். இது தொப்பை இல்ல சார்" என்றார். காலை அமுக்கினார், குழி விழுந்தது. மேல்கையைப் பிடித்துப் பார்த்தார். மார்க் எட்டு. இரண்டாம் வகுப்பு. 22ஆம் தேதி ஆபரேஷன் இல்லை. எப்போது என்று கேட்டேன். "இப்ப இல்ல. எப்பவுமே இல்லையான்னு பாக்கணும்" என்றார்.

எப்போதுமே இல்லையா என்று பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கும் இப்படித்தான் சொல்ல ஆரம்பித்தார்கள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். தானாக ஒருநாள் காலையில் எழுந்து என்னை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்காது. அவளைக் கேட்டேன், தெரியாது என்று சத்தியம் செய்தாள். அவள் பொய் சொன்னால் காது சிவக்கும், சிவக்கவில்லை. இன்னும் ஆறே நாள். ஆறே நாள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சனியனை வெட்டி எறிந்திருப்பார்கள்.

நேரடியாகக் கேட்கிறேன். நீயா?

தம்பி

மே 23

தம்பி,

நான்தான்.

உன் அளவு வந்த அன்றைக்கு நோட்டை எடுத்து உன் பக்கத்தில் எழுதப் போனேன். போன வருஷம் கழுத்து பதினாறரை, இப்போது பதினைந்து. மேல்கை பதினான்கு, இப்போது பதினொன்றரை. வயிறு மட்டும் நாலரை அங்குலம் ஏறியிருக்கிறது. சாப்பிட்டுக் கொழுத்தவர்கள் ஆயிரம் பேருக்கு நான் சட்டை தைத்திருக்கிறேன். கொழுப்பு வந்தால் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துத்தான் வரும். கையில் இரண்டரை அங்குலத்தைத் தின்றுவிட்டு வயிற்றில் மட்டும் ஏறாது. அப்படி ஏறின ஒரே ஒரு ஆளுக்குத்தான் நான் சட்டை பிரித்துத் தைத்தேன். அப்பாவுக்கு. கடைசி வருஷம் மூன்று தடவை வயிற்றைப் பிரித்துவிட்டேன், சட்டைக் கையைச் சுருக்கிப் பிடித்துத் தைத்தேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது, அது என்னவென்று தெரியவில்லை.

நோட்டில் உன் பக்கத்தில் இருக்கிற இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரு தாளில் எழுதி, கல்லீரல் வார்டு பெரிய சர்ஜன் என்று விலாசமிட்டு அன்றைக்கே தபாலில் போட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ தடுத்திருப்பாய், நானும் உன் பேச்சைக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. போன கடிதத்தில் சீருடை வேலை என்று எழுதியது பொய். சீருடை எதுவும் இல்லை, உட்கார்ந்துகொண்டேதான் இருந்தேன்.

ஆபரேஷனை நீ எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை உன் கையிலிருந்து பிடுங்கியது நான் என்பதும் தெரியும். அந்த அம்மா முதல் நாளே என்ன சொன்னார் என்று நீயே எனக்கு எழுதியிருக்கிறாய். அதை மறுபடி எடுத்துப் படி.

திட்டு. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் திட்டு, ஆனால் எழுது.

அக்கா

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதமாகத் தபால்காரர் கடை வாசலில் நின்றுவிட்டு, "இன்னிக்கும் இல்லம்மா" என்று சொல்லிப் போகிறார். நேற்று அவரே வருத்தப்பட்டு, "வேற யாராச்சும் எழுதினா குடுக்கட்டுமா?" என்றார்.

நாங்கள் நலம். மாமா உன்னிடம் போனில் பேசியதாகவும் நீ "ம்" என்று மூன்று தடவை சொன்னதாகவும் சொன்னார். மூன்று தடவையா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நாலு சட்டையும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. பக்கவாட்டில் நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். வயிறு ஏறினாலும் இறங்கினாலும் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

அக்கா

ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உங்கள் இருவர் மாதிரிக் கடிதம் எழுத வராது. லைப்ரரியில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கி வைத்தே பழக்கம்.

சட்டைகள் வந்தன. பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்து வைத்தார். மறுநாள் காலை நீலத்தைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டு வந்தார். இப்போது அதையேதான் துவைத்துத் துவைத்துப் போடுகிறார். உங்கள் கடிதங்களை நாலைந்து தடவை படித்துவிட்டார். பதில் எழுதச் சொன்னால் பேனாவில் மை இல்லை என்கிறார். வீட்டில் ஒன்பது பேனா இருக்கிறது.

உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மே கடைசியில் அவருடைய எடைக்கல் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். ஒரு கிலோ கல் இருக்கிற குழியில் மாத்திரை அட்டை இருந்தது. மாடிவீட்டுப் பெரியவருக்கு இதயக் கோளாறு, அவருடைய நீர் மாத்திரை. கேட்டு வாங்கி வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் அட்மிட் ஆகிற அன்று ஸ்கேனில் தெரியக் கூடாது என்று இரட்டிப்பாகப் போட்டு வயிற்றை வற்ற வைக்கத் திட்டம் போட்டிருக்கிறார். நான் அட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "கிட்னியும் போயிருக்கும். வயிறு காஞ்ச மாதிரி காட்டியிருக்கும், நானும் நம்பித் திறந்திருப்பேன். கட்டிய நல்லாவே எடுத்திருப்பேன். அடுத்த வாரம் கல்லீரல் கைய விரிச்சிருக்கும்" என்றார்.

தினமும் கூடவே இருக்கிறேன் அண்ணி, எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் கண்டுபிடித்தீர்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உங்கள்மேல் கோபமாகவும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

முறையாக மாத்திரை கொடுக்கிறார்கள். உப்பே இல்லாத சாப்பாடு. முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார். கிருமிக்கு ஒழுங்காக மருந்து போகிறது. நடுவில் இரண்டு வாரம் அதையும் விட்டிருந்தாராம், அதுதான் வெட்டி எடுக்கப் போகிறார்களே என்று. கால் வீக்கம் வற்றிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பையை நேற்று அவரே பிரித்து அலமாரியில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு எழுதலாம் என்று தைரியம் வந்தது.

அவரும் எழுதுவார். கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் அன்பான தம்பி மனைவி

செப்டம்பர் 4

அன்பு அக்காவுக்கு,

முதலில் செய்தி, அப்புறம் மற்றது. நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை முழுசாக உண்மை. மாமாவுக்கும் உனக்கும் என் நமஸ்காரம். மூன்று மாதத்துக்கும் மேலாக எழுதாததற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், ரயிலில் மாமாவோடு வருவது உட்பட.

ஜூலை கடைசியில் ஸ்கேனில் நீர் இல்லை. மார்க் ஆறுக்கு வந்துவிட்டது. இனிமேல் வெட்டலாமே என்று கேட்டேன். சர்ஜன் அம்மா தலையை ஆட்டிவிட்டார். "ஒரு தடவ நீர் கோத்த கல்லீரல் சார் இது. காகிதத்துல முதல் வகுப்பு. உள்ள ரத்தக்குழாயெல்லாம் வீங்கி இருக்கு. உங்கள வெட்டி நான் பேர் வாங்க வேண்டாம்" என்றார். எனக்கு அப்பாவின் கட்டில் ஞாபகம் வந்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். உட்காரச் சொன்னார். "வெட்ட மாட்டேன்னா விட்டுட்டேன்னு அர்த்தமா? உங்கப்பா காலத்துல கத்தி ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் முதல் தேதி, விலாவுக்கு நடுவே ஒரு ஊசியைக் கட்டிக்குள் விட்டு, சூடேற்றிச் சுட்டுவிட்டார்கள். இருபது நிமிஷம். தையல்கூட இல்லை, ஒரு சின்ன பிளாஸ்திரிதான். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். போன வாரம் சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருந்த இடத்தில் கருகின தழும்புதான் இருக்கிறது, உயிருள்ளது எதுவும் இல்லை. திரும்ப வரலாம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கல்லீரல் பழைய கல்லீரல்தான், புதுசாகாது. மாத்திரையும் உப்பில்லாச் சோறும் ஆயுசுக்கும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

இப்போது மற்றது. இருபத்தாறு வருஷமாகத் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைக்கிற கடைக்காரர்களைப் பிடித்து வருகிறேன். என் முறை வந்தபோது நானே விரலை வைக்கப் பார்த்தேன். அவள் எழுதியிருப்பாள், எழுதினேன் என்று சொன்னாள். உனக்கு அளவு எழுத உட்கார்ந்த அன்றைக்குப் போன வருஷத்து அளவையே போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன் அக்கா. டேப்பைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுதக் கை வரவில்லை. வாயால் எவ்வளவோ பொய் சொல்லிவிட்டேன், எண்ணில் மட்டும் முடியவில்லை. நீ சட்டைதானே தைக்கப் போகிறாய், உனக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு முட்டாள் நான்.

போன வாரம் ஸ்கேன் முடிவு சொல்லும்போது சர்ஜன் அம்மா என் பைலைத் திறந்து வைத்திருந்தார். நடுவில் ஒரு காகிதம், உன் கையெழுத்து. படிக்கலாமா என்று கேட்டேன். "படிங்க. இந்த பைல்லயே எனக்கு ரொம்ப உதவின ரிப்போர்ட் அதுதான்" என்று எடுத்துக் கையில் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமும் வரிசையாக இருந்தது. கழுத்து, வயிறு, மேல்கை. என் கல்யாணத்துக்குத் தைத்த சட்டை அளவுகூட இருந்தது. அதற்குக் கீழே நீ சர்ஜன் அம்மாவுக்கு எழுதியிருந்ததை என்னிடம் நீ சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மே மாதமே பதில் எழுதியிருப்பேன். "டாக்டரம்மா, ஆபரேஷன் இல்லையென்றால் சாவுதான் என்று நம்புகிறவன் அவன். நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டான். பேசாவிட்டால் பரவாயில்லை. அவன் இருந்தால் போதும்."

நான் அந்த அறையில், அந்த அம்மாவுக்கு முன்னால், வாய்விட்டு அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இருக்கிறேன் அக்கா. பேசவும் செய்கிறேன்.

உன் தம்பி